கோப்பறைச் சாவியும் தோட்டத்துச் செக்ரோலும்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் மின்ரயில், 1942 ஜனவரியில் இந்தியப் படை பின்வாங்கி வந்த வழியில் எதிர்த்திசையில் ஓடுகிறது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், கம்பார், பத்து காஜா என்று ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, என் மடியிலிருந்த புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டிக்கொண்டே வந்தேன். சன்னலுக்கு வெளியே செம்பனை, அதைத் தாண்டினால் இன்னும் செம்பனை. ரப்பர் காடு பார்க்கலாம் என்று கிளம்பி வருகிறவர்கள் பேராவில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

புத்தகம் 1941–42 தென்கிழக்காசியப் போரைப் பற்றியது. இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறு என்ற வரிசையில் 1960-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் கே. டி. பார்கவா, கே. என். வி. சாஸ்திரி. தலைமைப் பதிப்பாசிரியர் பேராசிரியர் பிஷேஷ்வர் பிரசாத். படை நடத்திய தளபதிகளின் நினைவுக்குறிப்பு அல்ல இது. கல்லூரி வரலாற்றுத் துறைப் படிப்போடு ராணுவக் கோப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் வேலை. 1947-ல் பட்டாளங்கள், பீரங்கிகள், பாண்டு வாத்தியங்கள் வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பங்கு பிரிக்கப்பட்டன. வரலாற்றுப் பிரிவு மட்டும் பாகம் பிரிக்காத கூட்டுக் குடும்பம்போல இரண்டு நாடுகளுக்கும் பொதுவாகவே இருந்தது. காஷ்மீரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு ராணுவங்கள், சேர்ந்து செய்த பழைய போரின் கதையை ஒரே அலுவலகத்தில் எழுத வைத்தன. இந்த வேடிக்கையைப் பற்றி யாராவது தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம்.

ராணுவத்துக்குள் உட்கார்ந்து வரலாறு எழுதும் குடிமகனின் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஒவ்வொரு பட்டாளமும் தினமும் ஒரு போர் நாட்குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு எங்கே நகர்ந்தது, யார் விழுந்தார்கள், என்ன உத்தரவு வந்தது. வரலாற்றாசிரியர் அவற்றை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்களைத் தீர்த்து எழுதுகிறார். எழுதியதைத் தளபதிகள் படித்துப் பார்ப்பார்கள். மலாயாப் போரில் சிக்கல் எங்கே என்றால், சிங்கப்பூர் விழுந்தபோது அந்த நாட்குறிப்புகளில் பெரும்பகுதி எரிந்தோ தொலைந்தோ போய்விட்டது. சாங்கி சிறைமுகாமில் அடைபட்ட அதிகாரிகள் நினைவிலிருந்து எழுதி வைத்ததும், போர் முடிந்து வெளியே வந்தபின் எழுதிக் கொடுத்ததும்தான் பல இடங்களில் ஆதாரம். தோற்றவர்கள், மூன்றரை வருடம் பட்டினி கிடந்தவர்கள், அடுத்த பட்டாளத்தின் மேல் பழிபோட நேரம் நிறைய இருந்தவர்கள் எழுதியது. அதிலிருந்து ஓர் இரவை மீட்டெடுக்க வேண்டும்.

சிலிம் ரிவர் அப்படிப்பட்ட இரவு. 1942 ஜனவரி 7, விடியுமுன், நிலா வெளிச்சத்தில் முப்பது டாங்கிகள் அளவில் ஜப்பானியர்கள் நெடுஞ்சாலை வழியாகவே இறங்கி வந்தார்கள். இருபக்கமும் ரப்பர். 11-ஆவது இந்திய டிவிஷனின் ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்காப் பட்டாளங்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் சாலையோரத்தில் அசதியில் கிடந்தார்கள். சாலை நேராகும்போது விடுபட்டுப்போன பழைய வளைவுகள் தோட்டத்துக்குள் கைவிடப்பட்டுக் கிடந்தன. எதிர்ப்பு வந்த இடத்தில் டாங்கிகள் அந்த வளைவில் நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்தன. காலை வெயில் ஏறுவதற்குள் சிலிம் பாலம் போயிற்று. டிவிஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ரயில் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பள்ளிப் பையன்கள் சிலர் இறங்கினார்கள்.

கம்பாரில் நான் இறங்கினேன். இங்கே நடந்தது வேறு கதை. 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை, ஊருக்குக் கிழக்கே மலையடிவாரக் குன்றுகளில் ஜப்பானியர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். இரண்டு பிரிட்டிஷ் பட்டாளங்களின் எச்சத்தை ஒன்றாகத் தைத்து உருவாக்கிய ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ முன்னால் நின்றது. கடைசி நாளில் குன்றின் ஒரு பகுதி பறிபோனபோது, 8-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கியர்கள் கேப்டன் கிரஹாமின் பின்னால் துப்பாக்கி முனைக் கத்தியோடு மேலேறினார்கள். கிரஹாம் கால்கள் சிதைந்து செத்துப்போனார். குன்று மீண்டது. ஆனால் மேற்கே தெலுக் அன்சோன் பக்கம் கடல் வழியாக ஜப்பானியர்கள் இறங்கிவிட்டதால், ஜெயித்த இடத்தை அன்றிரவே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பார்கவாவும் சாஸ்திரியும் இதைச் சுத்தமாகச் சொல்கிறார்கள். ஆனால் கம்பாரை நடக்க நடக்கத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சை கூய் லூங் எழுதியதைப் படிக்க வேண்டும். கம்பார் ஆங்கிலோ-சீனப் பள்ளி ஆசிரியர். எந்த ராணுவமும் அவரை அமர்த்தவில்லை. சம்பளம் இல்லை, கோப்பறைச் சாவி இல்லை. குன்றுகளில் ஏறி இறங்கினார், உயிர் பிழைத்த சிப்பாய்களோடு கடிதப் போக்குவரத்து வைத்தார், பிரிட்டிஷ் பட்டாலியனின் வரலாற்றைப் புத்தகமாக்கினார். பச்சைக் குன்று எனப்படும் களத்தைக் காப்பாற்றச் சொல்லி வருடக்கணக்கில் மனுப்போட்டவரும் அவர்தான். என்னைக் கேட்டால், கம்பார் போரைப் பற்றி முதலில் படிக்க வேண்டியது இந்தச் சம்பளமில்லாத உள்ளூர் வாத்தியாரைத்தான். போர் என்றால் அம்புக்குறி போட்ட வரைபடம் என்று நினைக்காமல், சரிவில் கால் எங்கே வழுக்கும் என்று அறிந்தவர் அவர்.

ஈப்போவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஹப்பாக் வடிவமைத்த வெள்ளை ரயில் நிலையம், வெள்ளைக் கோப்பி, சுண்ணாம்பு மலைக் குகைகள். நிலையத்துக்கு எதிரே முதல் உலகப்போரில் செத்த பேராக்காரர்களுக்கு எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது; பின்னால் வந்த போர்களுக்கும் அதிலேயே பலகைகள் சேர்ந்திருக்கின்றன. சயாம் மரண ரயில் பாதையும் அதில் ஒன்று. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக் கொறித்துக்கொண்டே, சுங்கை சிப்புட்டுக்கு என்னை அழைத்துப்போக ஒப்புக்கொண்டவருக்காகக் காத்திருந்தேன். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’. எனக்கு ‘சார்’.

காரில் ஏறியதும் என் பையிலிருந்த இரண்டாவது புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்தோனி ஷார்ட் எழுதியது.

“இவரு பட்டாளத்துக்காரரா, தம்பி?”

“இல்லை சார். மலாயாப் பல்கலைக்கழகத்துல சரித்திரம் சொல்லிக்குடுத்தவர்.”

“அப்ப இத்தனை ரகசியம் இவருக்கு யார் குடுத்தா?”

அதுதான் கதை. 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பன்னிரண்டு வருடம் நடந்தது மலாயாவின் அவசரகாலம். அது முடிந்த கையோடு மலாயா அரசாங்கம் அதன் வரலாற்றை எழுத ஷார்ட்டை அமர்த்தியது. போலீஸ், ராணுவம், அரசு என்று வெளியார் கண்ணில் படாத ரகசியக் கோப்புகளைத் திறந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஷார்ட் வருடக்கணக்கில் உழைத்து 1968-ல் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அரசாங்கம் வெளியிட மறுத்துவிட்டது. 1975-ல் லண்டனில் தனியார் பதிப்பகம் ஒன்று போட்டது. 2000-ல் சிங்கப்பூரில் வேறு தலைப்போடு மறுபடி வந்தது. அந்தப் போரைப் பற்றி இன்று யார் எழுதினாலும் ஷார்ட்டைத் தொடாமல் எழுத முடியாது. எழுதச் சொன்னவர்களின் முத்திரை மட்டும் அதில் இல்லை.

அரசாங்கத்துக்கு என்ன பிடிக்கவில்லை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஜெயித்தவர்களுக்கு வெற்றி வரலாறு வேண்டும். கோப்புகளை ஒழுங்காகப் படித்தவனுக்கோ, ஜெயித்ததற்கு முந்திய மூன்று வருடத் தடுமாற்றமும் தெரியும். தேடிப்போன படை யாரைச் சுட்டது, தீவைத்த வீடுகள் யாருடையவை, எந்த அதிகாரி யாரோடு சண்டை போட்டான் எல்லாம் தெரியும். போதாததற்கு, பிரதி போய்ச் சேர்ந்த அடுத்த வருடம் மே 13 இனக்கலவரம். சீனர், மலாய்க்காரர் என்று பேசினாலே நெருப்புப் பற்றும் என்று பயந்த காலம்.

இதே போரை இன்னொரு வெளியாளும் எழுதினார். ரைலி சண்டர்லண்ட். அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுத் துறையில் சார்லஸ் ரோமனஸோடு சேர்ந்து சீனா–பர்மா–இந்தியா போர்முனையைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர். 1964-ல் ராண்ட் நிறுவனத்துக்காக மலாயாவைப் பற்றி ஐந்து அறிக்கைகள் தயாரித்தார்: உளவு, உணவுக் கட்டுப்பாடும் குடியமர்த்தலும், படை நடவடிக்கை, நிர்வாகம், மக்கள் மனதைக் கவர்வது. அப்போது அமெரிக்கா வியட்நாமில் காலை வைத்துக்கொண்டிருந்தது. சுங்கை சிப்புட்டில் என்ன வேலை செய்தது, அதை மேக்கோங் ஆற்றங்கரையில் செய்யலாமா என்பதுதான் கேள்வி. நல்ல உழைப்பு, படிக்கும்போது தோட்டம் ஒரு பரிசோதனைக்கூடமாகத் தெரிவதுதான் எனக்கு ஒட்டவில்லை. பாடம் கேட்டவனுக்கு எழுதினால் பாடமாகத்தான் வரும். ஷார்ட் கதையாக எழுதினார். அதனால்தான் அவர் மாட்டிக்கொண்டார், அதனால்தான் நிலைத்தும் நிற்கிறார்.

சுங்கை சிப்புட் ஊருக்குள் நுழைந்ததும் வாத்தியார் மகாத்மா காந்தி கலாசாலையைக் காட்டினார். 1954-ல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த பள்ளி. இந்த ஊர்க்காரரான சம்பந்தன்தான் பின்னாளில், துண்டுதுண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். “அவரு படம் இல்லாத தமிழ் வீடு அப்ப கெடையாது” என்றார் வாத்தியார். கார் கிழக்கே திரும்பியது.

எல்பில் தோட்டம் அந்தப் பக்கம்தான். 1948 ஜூன் 16 காலை, சைக்கிளில் வந்த மூன்று சீன இளைஞர்கள் தோட்ட ஆபீசுக்குள் போய்த் துரை ஆர்தர் வாக்கரைச் சுட்டுவிட்டு, வந்தபடியே சைக்கிள் ஏறிப் போனார்கள். அரைமணி நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னொரு கூட்டத்தார் ஜான் அலிசனையும் இருபத்தொரு வயது இயன் கிறிஸ்டியனையும் நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். அன்றே பேராவிலும் ஜொகூரின் சில பகுதிகளிலும் அவசரகாலம். இரண்டு நாளில் நாடு முழுக்க. எல்லாப் புத்தகங்களும் இந்தக் காலையிலிருந்துதான் தொடங்குகின்றன. பார்வை துரையின் மேசையில் தொடங்கிக் காட்டுக்குள் போகிறது; நடுவிலிருக்கும் தொழிலாளர் லயத்தில் நிற்பது குறைவு.

வாத்தியார் நின்றது அங்கேதான். லயம் என்று சொல்ல இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, சில வீடுகள். குலை வெட்டுகிற ஆட்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவருடைய அப்பா வேறொரு தோட்டத்தில் பால் வெட்டியவர். வாத்தியார் பிறந்ததே முள்கம்பி வேலிக்குள்.

“விடியக்காலம் பெரட்டு. அதுக்கப்புறம் கேட்டுல சோதனை. ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. வாளியைக் கவுத்துப் பாப்பாங்க. சோறு கட்டிக்கிட்டுப் போகக் கூடாது. ஒரு பிடி அரிசி மடியில இருந்தாலும் உள்ள தள்ளிருவாங்க. எங்கம்மா பட்டினியாத்தான் வெட்டுவாங்க, தம்பி. வெட்டி, பால் எடுத்து, ஸ்டோர்ல ஊத்திட்டு லயத்துக்கு வந்துதான் சோறு.”

கோப்புகளில் இதற்குப் பெயர் உணவுக் கட்டுப்பாடு. காட்டிலிருப்பவனுக்கு அரிசி போகாமல் தடுத்தால் அவன் வெளியே வந்தாக வேண்டும் என்பது கணக்கு. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதுக்கிவைக்க முடியாதபடி. 1958-ல் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நடந்த ‘ஆபரேஷன் ஜிஞ்சர்’ இந்த முறையின் உச்சம். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டதை உலகம் அறியும். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சுமார் 6 லட்சம் பேரை, சிதறிக் கிடந்த குடியிருப்புகளிலிருந்து வேலிக்குள் ஒன்றுசேர்த்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தோட்டத் தமிழர்கள் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

வேலியால் வந்த இன்னொரு நட்டத்தையும் வாத்தியார் சொன்னார். ரப்பர் பால் குளிர்ந்த விடியலில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரம் இறுகிவிடும். ஊரடங்கும் சோதனையும் முடிந்து மரத்தடிக்குப் போவதற்குள் நல்ல நேரம் போய்விடும். பால் குறைந்தால் கூலி குறையும். ராத்திரியில் காட்டுக்காரன் வந்து மரப்பட்டையைக் கீறிவிட்டுப் போவான். காலையில் அதற்கும் விசாரணை லயத்தில்தான். தமிழர்களிலேயே சிலர் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து தோட்டத்தைக் காவல் காத்தார்கள். சிலர் மறுபக்கம் நின்றார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேரு அரசு தலையிட்டும் நிற்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கமும் போகாமல் பால் வெட்டினார்கள். கோப்பில் ஏற, பிடிபடவோ செத்துப்போகவோ வேண்டும். சும்மா பால் வெட்டியவர்களுக்குக் கோப்பு கிடையாது.

அரசு கொடுத்த கணக்கு எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 6,710. பாதுகாப்புப் படையினர் 1,865. பொதுமக்கள் 2,473. அதற்கடுத்து ஒரு வரி: காணாமல்போனவர்கள் 810. ராணுவத்துக்கு எழுதுகிறவன் முதல் மூன்று எண்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம், அவன் வேலை முடிந்தது. ஆட்களைத் தேடி யாராவது கிளம்பினால் அந்த 810-லிருந்துதான் கிளம்ப வேண்டும்.

திரும்புவதற்கு முன் தைப்பிங் போர்க் கல்லறைக்கும் போனோம். ஏரித்தோட்டத்தைத் தாண்டி மலை ஏறும் சாலை கல்லறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்திய, கூர்க்காச் சிப்பாய்கள். 850-க்கும் மேற்பட்ட குழிகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். ஆனாலும் பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல், வெட்டிய புல், தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். ராணுவம் தன் ஆட்களை இப்படித்தான் எண்ணி வைக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஜப்பானியர்கள் போட்ட சயாம் ரயில் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் செத்தார்கள். அவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், பலருக்குக் காஞ்சனபுரியில் கல் இருக்கிறது. இதே பேராத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிப்போன தமிழர்கள் பல்லாயிரம். அவர்கள் எந்த ராணுவத்திலும் சேர்ந்தவர்கள் அல்ல. ஆகவே எந்த ராணுவத்தின் வரலாற்றாசிரியருக்கும் அவர்கள் பொறுப்பு அல்ல. அந்த வேலையைத் தமிழில் நாவலாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள்: ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். மலேசியத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஏளனமாகப் பேசுகிற நம்மூர் விமர்சகர்கள், இதற்கு முன்னால் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

ஈப்போ திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியில் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தபடி, ஷார்ட் கோப்பறைக்குள் போவதற்கு முன்பே நடந்த ஒன்றை வாத்தியாரிடம் சொன்னேன். 1957-ல் சுதந்திரம் கொடுப்பதற்கு முன், வெள்ளைக்காரர்கள் கோலாலம்பூர்க் காகிதங்களைச் சலித்தார்கள். ஒரு பகுதியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஹான்ஸ்லோப் பார்க்கில் பூட்டிவைத்தார்கள். அது இருப்பதையே 2011-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு பகுதியை ஐந்து லாரிகளில் சிங்கப்பூருக்கு ஓட்டிப்போய்க் கடற்படைத் தளத்தின் எரியுலையில் போட்டார்கள். ஆக, ஷார்ட்டுக்குக் கொடுத்தது சாவிதான். அறை ஏற்கனவே பாதி காலி.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“செக்ரோல் தெரியுமில்ல, தம்பி? நான் வேலை பார்த்த தோட்டத்துல ஜப்பான்காரன் காலத்துச் செக்ரோல் இருந்துச்சு. தடிதடியா. யார் பேரு, அப்பன் பேரு, எத்தனை நாள் வேலை, எந்தத் தேதியிலேருந்து ஆளைக் காணோம், எல்லாம் கிராணி கையெழுத்துல. சயாமுக்குப் போனவங்க பேருக்கு நேரா சிவப்பு மையில கோடு. நானே பாத்திருக்கேன்.”

“இப்ப எங்க சார் இருக்கு?”

“தோட்டத்தை வித்தப்ப ஆபீசைக் காலி பண்ணினாங்க. அதுக்கு எதுக்கு அஞ்சு லாரி? ஆபீசுக்குப் பின்னால குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊத்தி, ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாங்க.”

“நீங்க எதையும் எடுத்து வைக்கலையா?”

“நான் தமிழ் வாத்தியார், தம்பி. என்னை யார் எழுதச் சொன்னா?” என்றவர், கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தே தாரிக் சொன்னார். பிறகு என் நோட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் லயத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று அம்மா சொல்லிக் கேட்ட பெயர்களை, வீட்டு வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.